அடியெடுத்துக் கொடுப்பவர் பின்னால் நிற்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலில், மொழியைப் பாடமாக நடத்தாமல், கற்பவர்கள் வட்டமாக அமர்ந்து தாங்கள் சொல்ல விரும்புவதையே புதிய மொழியில் சொல்லிப் பழகும் முறை ஒன்று உண்டு என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் அதைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான்கு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பேச்சுச் சிங்களம் கற்பிக்கத் தொடங்கினேன். எழுத்துகள், எண்கள், கிழமைகள், பிறகு வினைச்சொற்கள் என்று ஒழுங்காகத்தான் நடத்தினேன். மூன்றாம் வாரம் ஐந்து பேர், ஐந்தாம் வாரம் இரண்டு பேர் என்று குறைந்துவிட்டார்கள். கேட்டால், "எங்களுக்கு மண்டையில ஏறாது டீச்சர்" என்கிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட முறையை விளக்கமாகச் சொல்வீர்களா?
— முன்பள்ளி ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: மண்டையில் ஏறாது என்று சொல்லும் அதே பெண்கள், எந்த நாளில் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார்கள், அதில் கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் மனத்தில் வைத்திருந்து, சம்பள நாளில் செக்றோல் பதிவேட்டுக் கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். குறை அவர்களுடைய நினைவாற்றலில் இல்லை, சகோதரி. அவர்களின் வாயை அடைப்பது அச்சமும் வெட்கமும்தான். இதை நான் முதலில் அறிந்துகொண்டது புத்தகத்தில் அன்று.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது கடும் காய்ச்சல் கண்டது. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். வரிசையில் எங்கள் முறை வந்ததும் தாதி எங்களைப் பார்த்து, "என்ன, என்ன" என்றார். என்ன வருத்தம் என்று கேட்கிறார் என எண்ணிய அம்மா, நின்ற இடத்திலேயே நின்று, தமிழில் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். தாதி குரலை உயர்த்தி மறுபடியும் "என்ன" என்றார். அம்மாவும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு "வாருங்கள்" என்று பொருள் என்பதை எங்களுக்குச் சொல்ல அங்கே எவரும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எங்களைக் கடந்து உள்ளே போனார்கள். அன்றைக்குப் பிறகு, வீட்டு வாசலில் பழகிய பத்துச் சிங்களச் சொற்களைக்கூட அம்மா வெளியில் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிரிப்பார்களே என்ற பயத்தோடு வருகிற ஒருவரைக் கரும்பலகைக்கு முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும்போது, அந்த ஆஸ்பத்திரி வரிசையில்தான் அவரை மறுபடி நிறுத்துகிறோம். இந்த இடத்தைத்தான் சார்ள்ஸ் கரன் என்பவர் கூர்ந்து பார்த்தார். அவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள லொயோலா பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த கத்தோலிக்கக் குருவானவர். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் வளர்த்தெடுத்த உளவளத்துணைச் சிந்தனையில் ஊறியவர். உளவளத்துணையாளர் தம்மிடம் வருபவரை எப்படி எடைபோடாமல், இடைமறிக்காமல், அவர் சொல்ல வருவதை அவருக்கே தெளிவாகும்படி திருப்பிச் சொல்கிறாரோ, அப்படியே மொழி ஆசிரியரும் நடந்துகொண்டால் என்ன என்று அவர் கேட்டார். 1972இலும் 1976இலும் இதைப் பற்றி அவருடைய நூல்கள் வெளிவந்தன. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைச் சமூக மொழி கற்றல் என்று தமிழில் சொல்லலாம்.

நடத்தும் விதம் எளிது. ஆறு முதல் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்கிறார்கள். ஆசிரியர் வட்டத்துக்குள் இருப்பதில்லை; வெளியே, அவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். வட்டத்திலுள்ள ஒருவர் மற்றொருவரிடம் தமக்குச் சொல்லத் தோன்றியதைத் தாய்மொழியில் சொல்கிறார். ஆசிரியர் அவர் தோளருகே குனிந்து, அதையே கற்கும் மொழியில் மெதுவாக, துண்டு துண்டாகக் காதில் சொல்கிறார். அவர் அதை வாய்விட்டுச் சொல்ல, அந்தக் குரல் மட்டும் ஒலிப்பதிவாகிறது. கேட்டவர் பதில் சொல்ல விரும்பினால் ஆசிரியர் அவருக்குப் பின்னால் போய் நிற்கிறார். இப்படிப் பத்து நிமிடம் பேசிய பிறகு பதிவைப் போட்டுக் கேட்டால், தாய்மொழி இடையில் வராத ஒரு முழு உரையாடல் அவர்களுடைய குரலிலேயே ஒலிக்கும். கூத்து மேடையில் ஆடுபவருக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பவரைக் கண்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான ஏற்பாடு அன்று.

நான் நடத்திய முதல் வட்டம் ஒரு பிள்ளைக் காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின்) வராந்தாவில் கூடியது. ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள். கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடையின் மேல் கைத்தொலைபேசியைப் பதிவுக்காக வைத்தேன். எதைப் பற்றியும் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றபோது, நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நிரப்பிவிட வேண்டும் என்று ஆசிரியரின் மனம் துடிக்கும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓர் இளந்தாய் பக்கத்தில் இருந்தவரிடம், "மகளுக்கு மூணு நாளா காய்ச்சல்" என்றார். நான் குனிந்து, "துவட்ட... தவஸ் துனக் திஸ்ஸே... உண" என்று மூன்று துண்டாகச் சொன்னேன். அவரும் மூன்று துண்டாகச் சொன்னார். பக்கத்துப் பெண் தயங்கவேயில்லை, "மருந்து எடுத்தியா?" என்றார். "பெஹெத் கத்தத?" என்று அவர் காதில் சொல்லிவிட்டு நிமிர்வதற்குள் எதிரில் இருந்தவர் கையை உயர்த்திவிட்டார். பதிவைக் கேட்டபோது ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அன்று அந்த வராந்தாவில் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்த கட்டம் எழுதிப் பார்ப்பது. பேசியவற்றுள் ஏழெட்டு வாக்கியங்களை மட்டும் பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழ்ப் பொருளை எழுதினேன். "துவ" என்றால் மகள், "துவட்ட" என்றால் மகளுக்கு. நமது "கு" உருபு நிற்கும் இடத்திலேயே அவர்களுடைய "ட்ட" நிற்கிறது. சொற்களின் வரிசையும் பெரும்பாலும் நம்முடையதே. இதை நான் விளக்கவில்லை. தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாய், "எனக்கு என்பது மட்ட என்றால், எனக்குக் காய்ச்சல் என்பதற்கு மட்ட உண என்று சொல்லலாமா?" என்று கேட்டார். வேற்றுமை உருபு அன்று அவருக்குச் சொந்தமாகிவிட்டது. அதை நான் ஒரு மாதம் பாடமாக நடத்தியிருந்தாலும் அந்தக் கேள்வி பிறந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

அதன் பிறகு, விரும்பியவர் தாளில் விரும்பிய வாக்கியத்தைச் சொல்லலாம். ஆசிரியர் அதைச் சரியான உச்சரிப்பில் திரும்பச் சொல்வார். எத்தனை முறை வேண்டும், எப்போது போதும் என்பதைத் தீர்மானிப்பவர் கற்பவர்தான். "பிழை" என்றோ "கெட்டிக்காரி" என்றோ ஆசிரியர் சொல்வதில்லை. இறுதியில் பத்து நிமிடம், இன்றைய வகுப்பில் மனத்துக்கு எப்படி இருந்தது என்று தமிழிலேயே கேளுங்கள். ஒருவர், "எல்லாரும் பார்க்கிறதால நாக்கு எழும்பல்ல" என்றால் அறிவுரை சொல்லாதீர்கள். "எல்லாரும் கவனிப்பது உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது" என்று அவர் சொன்னதையே விளங்கியதற்கு அடையாளமாகத் திருப்பிச் சொல்லுங்கள். நேரம் மிச்சம் என்று இந்தப் பத்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில், அடுத்த வாரம் ஆட்கள் வருவதும் வராததும் இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்தே இருந்தது.

உங்களுடைய இரண்டு பேரை வைத்துத் தொடங்குங்கள். மற்றவர்களைத் தேடிப் போய் அழைக்க வேண்டாம். தொலைபேசியில் ஒலிக்கும் குரல்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் தானாகவே பரவும்.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். தாய்மொழியை ஊன்றுகோலாகக் கொடுத்துவிட்டால் கற்பவர் அதை எப்போது கீழே போடுவார்? பிழைகளைத் திருத்தாமல் விட்டால் அவை இறுகிப் போகாவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தலவாக்கலை

பதில்: மதிப்புக்குரிய ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. கரன் இதைக் குழந்தையின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு ஐந்து படிகளாகப் பார்த்தார். முதற்படியில் கற்பவர் கருவிலுள்ள பிள்ளை போல முற்றிலும் ஆசிரியரைச் சார்ந்திருக்கிறார். பிறகு கேட்டுப் பழகிய சிறு தொடர்களைத் தாமே சொல்லிப் பார்க்கிறார். மூன்றாம் படியில், கேட்காமல் காதில் சொல்ல வந்தால் அவருக்கு எரிச்சல் வருகிறது. "பொறுங்க டீச்சர், நானே சொல்றேன்" என்று ஒருவர் கையை நீட்டி உங்களைத் தடுக்கும் நாளில் ஊன்றுகோல் தானாக விழுந்துவிடுகிறது. நான்காம் படியில் உறவே திரும்புகிறது: அதுவரை கற்பவரின் அச்சத்தை ஆசிரியர் புரிந்துகொண்டிருந்தார், இப்போது, திருத்துவதற்கு ஆசிரியர் தயங்குவதைக் கற்பவர் புரிந்துகொண்டு, தாமாகவே திருத்தம் கேட்கிறார். கடுமையான திருத்தங்களுக்குரிய காலம் அதுதான். ஐந்தாம் படியில் அவர் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கத் தகுதி பெறுகிறார்.

எனினும் ஒரு பிழையை நான் முதல் நாளிலிருந்தே கவனித்துக்கொள்வேன். நமது எழுத்தில் சிங்களத்தை எழுதினால் ஒலிப்பு வேறுபாடுகள் மறைந்துபோகின்றன. பாதையைக் குறிக்கும் சொல்லையும் பொறுப்பைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் "பார" என்றே எழுதுகிறோம். முன்னதை "பாதை" என்பதன் முதலெழுத்தைப் போலவும், பின்னதைப் "பாபு" என்பதன் முதலெழுத்தைப் போலவும் ஒலிக்க வேண்டும். ஆகையால் அவ்வகைச் சொற்களின் கீழ் ஒரு கோடு இட்டு வைக்கிறேன். சிங்கள எழுத்தை அறிய விரும்பியவர்களுக்கு, பேச்சு ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு அதையும் கற்பித்தேன். உங்களைப் போன்ற அனுபவமுள்ளவர்கள் இந்த முறையில் காணக்கூடிய உண்மையான குறை வேறொன்று: இதற்குப் பாடத்திட்டம் கிடையாது. இன்று காய்ச்சல், நாளை கலியாணம் என்று பேச்சு போகிற போக்கில் போகும். எந்த இலக்கண அமைப்பு வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்று ஆசிரியர் தனியே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளாவிட்டால், ஆறு மாதம் கழித்தும் இறந்தகாலம் தெரியாதவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள். பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு நல்ல புள்ளி எடுக்க இந்த முறை உதவுமா?
— ஒரு தாய், பண்டாரவளை

பதில்: நேரடியாக உதவாது. வினாத்தாளுக்கு எழுத்தும் இலக்கணமும் வேண்டும். அதற்குரிய பயிற்சியை அவர் தனியே செய்யத்தான் வேண்டும். ஆனால் பாடசாலையில் ஆண்டுக்கணக்காகச் சிங்களம் படித்துவிட்டுப் பஸ்ஸில் மிச்சக் காசைக் கேட்க வாய் வராத பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நான்கு தோழியர் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் இப்படிப் பேசிப் பழகினால், புத்தகத்தில் இருப்பது வாய்க்கு வரும்.

கேள்வி: எப்போதும் நாங்களேதான் அவர்களுடைய மொழியைப் படிக்க வேண்டுமா? தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதானே? நீங்கள் இப்படி எழுதுவது, எங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து வளைந்து போகச் சொல்வது போல் இருக்கிறது.
— ஓர் இளைஞர், அட்டன்

பதில்: தம்பி, உங்கள் கோபம் எனக்கு அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியானது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தில்தான். 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழு சட்டப்படி நிறுவப்பட்டது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2007 யூலை 1ஆம் திகதி முதல் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. ஆகவே, பிரதேச செயலகத்தில் தமிழில் கடிதம் எழுதி, தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. அந்த உரிமையில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். பதில் தமிழில் வராவிட்டால் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுங்கள்.

ஆனால் பிள்ளைக்கு வலிப்பு வந்த இரவில், ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடும் தாய் முறைப்பாட்டின் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. அவருடைய வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் இதில் இறங்கினேன். பிறருடைய மொழியைத் தலைகுனிந்து கற்பதும் உண்டு, தலைநிமிர்ந்து கற்பதும் உண்டு. எந்த வாக்கியம் தமக்கு வேண்டும் என்று கற்பவரே தீர்மானிக்கும் வட்டத்தில் நான் கண்டது இரண்டாவது வகை. "எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்பதைச் சிங்களத்தில் உரத்துச் சொல்லப் பழகிய ஒரு பெண், அடுத்த மாதம் ஒரு காரியாலயத்தில் தமக்குப் புரியாத படிவத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டு வந்தார்.

இந்த வட்டம் ஒருவழிப் பாதையும் அன்று. அடுத்த கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாது ஒருவர், பெண்கள் சிங்களம் பேசத் தொடங்கியதைக் கண்டு, தமக்குத் தமிழ் கற்பிக்க முடியுமா என்று கேட்டார். அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும். ஆனால் அது ஏவல் தமிழ். சிங்களப் பேச்சு மொழியில் நான் போவதற்கும் நீ போவதற்கும் அவர் போவதற்கும் "யனவா" என்ற ஒரே வினைவடிவம்தான். மரியாதை வினையின் ஈற்றில் ஒட்டிக்கொண்டு வரும் நமது வழக்கத்தை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அறுபது வயது மூதாட்டியிடமும் "வா", "இரு", "எங்க போற" என்றே பேசுவார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பல பெண்கள் அவரிடம் பேசாமல் இருந்ததும், அது அவருக்குத் தெரியாமல் போனதும் அந்த வராந்தாவில்தான் வெளிப்பட்டது.

அன்று அவரை வட்டத்தில் உட்கார வைத்து, அவருக்குப் பின்னால் நிற்க யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். முதல் நாளில் மகளின் காய்ச்சலைச் சொன்ன அந்தத் தாய் எழுந்து போய் நின்றார். எதிரில் வந்துகொண்டிருந்த மூதாட்டியைப் பார்த்து மருத்துவ மாது சிங்களத்தில், "என்ன அம்மே, வாடிவென்ன" என்றார். பின்னால் நின்றவர் குனிந்து, "வாங்கம்மா... உட்காருங்க" என்று காதில் சொன்னார். மருத்துவ மாது அதை இரண்டு துண்டாகச் சொன்னார். "ங்க" என்பதில் கொஞ்சம் தடுமாறி, கையை உயர்த்தித் தாமாகவே மறுபடி கேட்டு, மறுபடி சொன்னார். மூதாட்டி வந்து உட்கார்ந்தார்.